தொட்டியும் ஆறும்

வத்தலக்குண்டு போன்ற ஊர்களிலும் இன்று வண்ணமீன் தொட்டிகள் இல்லங்களை அணிசெய்கின்றன. மீன் வளர்த்தல் வெறும் பொழுதுபோக்கன்று. பொறுப்பைக் கற்பிக்கும் பயிற்சியுமாகும்.

1849ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர், ஒரு தொட்டியில் நீர்ச்செடியை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். பகலொளியில் செடி வெளியிட்ட உயிர்வளியால் மீன்கள் வாழ்ந்தன. மீன்கள் விட்ட கரிவளி செடிக்கு உணவாயிற்று. ஆயினும் முதிர்ந்த இலைகள் அழுகவே நீர் கலங்கிற்று. பின்னர் அவர் நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. எளிய நத்தையும் இன்றி அச்சிற்றுலகம் நிலைக்கவில்லை!

எனவே, செடிகளை நன்கு வேரூன்றச் செய்து, சில மீன்களையே விட்டு, உணவை அளவாக இடுதலே அறிவுடைமை. மிஞ்சிய உணவு அழுகி நீரை நஞ்சாக்கும்.

வளர்த்துச் சலித்தோர் சிலர், மீன்களை ஆற்றில் விடுதலை அருளெனக் கருதுகின்றனர். அஃது அருளன்று. தொட்டிப் பாசியைத் தின்னுமெனத் தென்னமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தி, தமிழகத்து நீர்நிலைகள் சிலவற்றில் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைக் கவர்ந்து, மீனவர் வலையையும் கிழிக்கின்றது. தொட்டியில் நேர்ந்த பிழையை நீர் மாற்றித் திருத்தலாம். மஞ்சளாற்றின் நீரை மாற்ற வல்லார் யார்?