கையால் பறித்த ஏலக்காயும் யந்திரம் எழுதிய விளம்பரமும்

ராசிங்காபுரத்தில் பொழுது விடியுமுன்னே ஜீப் கிளம்பிவிடுகிறது. தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். போடி, முந்தல், அதன்பின் 17 கொண்டை ஊசி வளைவுகள், போடிமெட்டு. அதற்கப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். பகல் முழுவதும் குனிந்து காய் எடுத்துவிட்டு, அதே ஜீப்பில் திரும்புகிறார்கள்.

அப்படித் திரும்பிய பெண்கள் சிலர் சென்ற மாதம் எங்கள் சங்கக் கிளைக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். ஒருவருடைய மகள் கையில் செல்போன். ஏலக்காய் விற்கும் ஒரு கடையின் விளம்பரத்தை அவள் உரக்கப் படித்தாள். பனி தவழும் மலைச்சரிவில், தலைமுறை தலைமுறையாக, அன்போடு கையால் பறிக்கப்பட்ட ஏலக்காய் என்று அது போயிற்று.

“அன்போடயா?” என்று கேட்டார் அவளுடைய தாய். “காலெல்லாம் அட்டை கடிச்சு ரத்தம் வழிய வழிய எடுத்த காயி. இதை எழுதுனவன் எந்தத் தோட்டத்துலண்ணே நின்னான்?”

கூட்டம் சிரித்தது. ஆனால் சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வி அல்ல அது. நான் விசாரித்தேன். அதை எழுதியவன் எந்தத் தோட்டத்திலும் நின்றதில்லை. ஏனென்றால் எழுதியது மனிதனே அல்ல, யந்திரம்! கடைக்காரரே அதைப் பெருமையோடு சொன்னார்.

தோழர்களே! இந்த யந்திரத்தின் கதை என்ன? இதனால் லாபம் யாருக்கு? இதற்குப் பணம் யார் தலையில் விழுகிறது? பார்ப்போம்.

முதலிடம் என்ற மாயம்

போடி வியாபாரிகளிடமும் சிறு தோட்டக்காரர்களிடமும் இன்று ஒரு புது மந்திரம் ஓதப்படுகிறது. அதன் பெயர் எஸ்.இ.ஓ. செல்போனில் ஒருவர் ‘நல்ல ஏலக்காய்’ என்று தேடினால், கூகுள் காட்டும் பட்டியலில் நம் கடை முதலில் வரும்படி செய்யும் வித்தைதான் அது. முன்பு இதற்கு ஆட்கள் உட்கார்ந்து எழுதினார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற செயற்கை அறிவு யந்திரம் வெளிவந்தது. அதைப்போல் வேறு பலவும் வந்தன. இப்போது ஒரு நிமிஷத்தில் பத்துப் பக்கம் எழுதித் தள்ளுகிறது யந்திரம். ஜனங்கள் எந்தச் சொல்லைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அந்தச் சொற்களை வைத்தே எழுதுகிறது.

இதை விற்கவந்த ஒரு ‘நிபுணர்’ பேசியதை நானே கேட்டேன். “மாதக் கட்டணம் கட்டுங்கள். இடைத்தரகன் ஒழிவான். உலகமே உங்கள் வாசலுக்கு வரும்” என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் கடனாளி விவசாயிகள். ஒருவர் எழுந்து கேட்டார்: “இங்க இருக்கிற நாப்பது பேரும் கட்டணம் கட்டுனா, நாப்பது பேரும் முதல்ல வருவமா சார்?”

நிபுணருக்குப் பதில் வரவில்லை. வராது! முதலிடம் ஒன்றுதான். நாற்பது பேர் பணம் கட்டினாலும் ஒன்றுதான். மற்ற முப்பத்தொன்பது பேரின் பணம் போன இடம் தெரியாது. அடுத்த மாதம் அவர்களிடமே வந்து, “இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் முந்தலாம்” என்பார்கள். இது வியாபாரமா, மூன்று சீட்டா?

ஏலத்துக்கு ஏலம்

போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் மசாலா வாரியத்தின் மின்னணு ஏலம் நடப்பது நமக்குத் தெரியும். அங்கே காயைச் சாம்பிள் பார்த்து விலை கேட்கிறார்கள். கூகுள் நடத்தும் ஏலத்தில் காய் இல்லை. சொல் மட்டுமே இருக்கிறது. ‘ஏலக்காய்’ என்ற சொல்லை யாராவது தேடும்போது மேலே நிற்கும் விளம்பர இடம் யாருக்கு என்று, கண் மூடித் திறப்பதற்குள் ஏலம் நடந்து முடிகிறது. நம் பாட்டன் பூட்டன் புழங்கிய சொல்லை ஏலம் விட்டு, அமெரிக்கக் கம்பெனி காசு பார்க்கிறது! 2023ஆம் ஆண்டு அதன் தாய்க்கம்பெனியின் வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்துதான் வந்தது.

“விளம்பர இடம் வேறு, அதற்குக் கீழே வருவது தகுதிப் பட்டியல். யார் பக்கம் நல்ல பக்கமோ அது மேலே வரும்” என்று சொல்வார்கள். 1998இல் கூகுள் தொடங்கியபோது, எந்தப் பக்கத்தைப் பலர் சுட்டிக்காட்டுகிறார்களோ அதற்கு மதிப்புக் கொடுப்பதே அதன் முறையாக இருந்தது. நல்ல முறைதான். உடனே என்ன நடந்தது? சுட்டிக்காட்டுவதையே விலைக்கு விற்கும் தரகர்கள் முளைத்தார்கள். முதலாளித்துவச் சந்தையில் நற்சாட்சிப் பத்திரமும் சரக்குதான்!

தகுதியைப் பற்றி உபதேசிக்கும் அந்தக் கம்பெனியின் யோக்கியதை என்ன? செல்போன்களிலும் பிரௌசர்களிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்கவேண்டும் என்பதற்காக அது 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது. தேடல் சந்தையில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே, 2018 பிப்ரவரியில், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக நம் நாட்டுப் போட்டி ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் முதலிடத்தைப் பணத்தால் வாங்கியவன், ராசிங்காபுரத்துக்காரனிடம் “உழைத்து முந்து” என்கிறான்!

விதியை எழுதுவதும் அவனே, மாற்றுவதும் அவனே. 2024 மார்ச்சில், பட்டியலில் முந்துவதற்காகவே மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் பக்கங்களைக் கீழே தள்ளுவோம் என்று கூகுள் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும், பட்டியலுக்கு மேலே தன் சொந்த யந்திரம் எழுதிய பதிலைக் காட்டத் தொடங்கியது. பணம் கட்டி மேலே வந்தவனின் தலைக்கு மேல் கூகுளே ஏறி உட்கார்ந்துகொண்டது. குத்தகை நிலத்தில் கிணறு வெட்டியவன் கதைதான் இது.

யந்திரத்தின் சரக்கு, மறு ஏலச் சரக்கு

ஏல விவசாயிகளின் பழைய குறை ஒன்று உண்டு. சில வியாபாரிகள் ஏலத்தில் வாங்கிய காயையே வேறு காயோடு கலந்து மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வரத்து மிகுந்ததுபோல் தோன்றி விலை இறங்குகிறது என்பது அந்தக் குறை. செயற்கை அறிவு யந்திரம் சொற்களில் செய்வதும் இதுவே. ஜனங்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களை அள்ளிப் பயிற்சி பெற்று, கலக்கி, புதுச் சரக்குபோல் திருப்பி விற்கிறது. சந்தையில் பேச்சு மலிந்துவிட்டது. எல்லாக் கடையும் ‘பனி தவழும் மலைச்சரிவு’. எல்லாக் காயும் ‘அன்போடு பறித்தது’. மருந்தடித்த காய் எது, அடிக்காத காய் எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. யந்திரத்துக்கும் தெரியாது, எழுதச் சொன்னால் எழுதும்.

யந்திரம் தானாகவும் கற்றுவிடவில்லை. எது ஆபாசம், எது கொடூரம் என்று அதற்குக் கற்பிக்கும் வேலையை கென்யா நாட்டுத் தொழிலாளர்கள் செய்தார்கள். குமட்டும் எழுத்துக்களை நாள் முழுவதும் படித்துத் தரம் பிரித்த அவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலி என்பது 2023 ஜனவரியில் வெளியாயிற்று. போடி கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கும் நம் சகோதரியும், நைரோபியில் எழுத்தைத் தரம் பிரித்த அந்தச் சகோதரனும் ஒரே வர்க்கம். இருவர் பெயரும் விளம்பரத்தில் இல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலை என்ன? கூலி வேலை செய்து படிக்கவைத்த பிள்ளைகள் சிலர், பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி விளம்பரம் எழுதிப் பிழைத்தார்கள். ஒரு பையன் என்னிடம் சொன்னான்: “இப்ப எழுத வேண்டாங்குறாங்க தோழர். யந்திரம் எழுதுனதைத் திருத்துனாப் போதுமாம். பக்கத்துக்குக் குடுத்த காசுல பாதிகூட இல்ல.” ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. நூற்பாலையில் ஒரு ஆள் பார்த்த சைடுகளைக் கூட்டிக்கொண்டே போனபோது நாம் பட்டது இது. வேலைப்பளு கூடியது, ஆள் குறைந்தது, மிச்சமான கூலி முதலாளி பெட்டிக்குப் போனது.

ஒரு காயாவது கூடியதா?

சுமார் 5 கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தினால் 1 கிலோ ஏலக்காய். களை வெட்டி, கவாத்துச் செய்து, மருந்தடித்து, சுற்றுக்குச் சுற்று காய் எடுத்து, உலர்த்தி, சலித்து, பொறுக்கி எடுக்கும் உழைப்புத்தான் அந்த ஒரு கிலோவில் அடங்கியிருக்கிறது. ஆயிரம் பக்கம் விளம்பரம் எழுதினாலும் ஒரு காய் கூடாது. வாங்கி விற்கும் செலவு சரக்கின் மதிப்பைக் கூட்டுவதில்லை. உழைப்பாளி ஏற்கெனவே உண்டாக்கிய உபரியிலிருந்து அது கழிகிறது என்று, 1885இல் வெளியான ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். கடைக்காரர் கட்டும் மாதக் கட்டணம் எங்கிருந்து வருகிறது? வியாபாரி அதைக் கொள்முதல் விலையில் குறைக்கிறார். தோட்டக்காரர் அதைக் கூலியில் பிடிக்கிறார். ஜீப்பில் ஆறு பேர் ஏறும் இடத்தில் பன்னிரண்டு பேரை ஏற்றுகிறார்கள்.

விளம்பரம் விலையை உயர்த்தும், விலை உயர்ந்தால் கூலி உயரும் என்று சிலர் வாதிக்கலாம். 2019ஐ நினைத்துப் பாருங்கள். 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் ஏலச்செடியை அழித்தன. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. அந்த விலையை உண்டாக்கியது எந்த விளம்பரமும் அல்ல, காய் இல்லாமைதான். அப்போது காய் எடுத்தவளின் கூலி அந்த விகிதத்தில் ஏறியதா? ஏறவே இல்லை! சில ஆண்டுகளில் விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. அப்போது மட்டும் “விலை இல்லை, கூலி கட்டுப்படியாகாது” என்ற பாட்டு உடனே கேட்டது. லாபம் அவனுக்குத் தனிச் சொத்து, நஷ்டம் மட்டும் நமக்குப் பங்கு!

நாம் யந்திரத்தின் விரோதிகளா?

“கம்யூனிஸ்டுகள் அன்று கம்ப்யூட்டரை எதிர்த்தார்கள், இன்று இதையும் எதிர்க்கிறார்கள்” என்று ஏளனம் செய்வார்கள். ஆம், 1960களில் கல்கத்தாவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் கம்ப்யூட்டரை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் பயந்தது இரும்புப் பெட்டிக்கு அல்ல, வேலைபோகும் என்பதற்குத்தான். வேலைக்கு உத்தரவாதம் கேட்பது யந்திரத்தை வெறுப்பதாகாது.

இந்த யந்திரத்தால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மூன்று ஏக்கர் விவசாயி, தமிழ் தவிர வேறு பாஷை தெரியாதவர், டெல்லிக்காரருக்குக் கடிதம் எழுத அது உதவும். சர்க்கார் உத்தரவை ஒரு தொழிலாளி புரிந்துகொள்ளவும் உதவும். உதவட்டும்! நாம் கேட்பதெல்லாம் அது யார் கையில் இருக்கிறது என்பதுதான். நாற்பது விவசாயிகளைத் தனித்தனியே பிரித்து, ஒருவர் தலையில் ஒருவர் மிதித்து ஏறச்சொல்லிக் கட்டணம் வாங்குகிறான் தரகன். அந்த நாற்பது பேரும் ஒரே கூட்டுறவாகச் சேர்ந்து, ஒரே பெயரில், தரம் சோதித்த காயை விற்றால் ஒருவரை ஒருவர் முந்தவேண்டிய அவசியமே இல்லையே!

இது கனவல்ல. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, தோழர் ஏ.கே.கோபாலன் வழிகாட்ட, தொழிலாளர்கள் 1957இல் கூட்டுறவு அமைத்து அவற்றை ஏற்று நடத்தினார்கள். கண்ணூரில் முதலாளிகள் பீடிக் கம்பெனிகளை மூடியபோது, 1969இல் தொழிலாளர்களின் தினேஷ் பீடிக் கூட்டுறவு எழுந்தது. எந்த யந்திரமும் எழுதிக் கொடுத்து வந்த பெயரல்ல அவை. ஒற்றுமையால் வந்த பெயர்.

நமது கோரிக்கைகள்

சிறு தோட்டக்காரர்களே! நீங்கள் எங்கள் எதிரிகள் அல்ல. கட்டணத் தரகனிடம் பணத்தை இழக்காதீர்கள். கூட்டுறவாகச் சேருங்கள், கூலியை முறையாகக் கொடுங்கள், உங்களோடு நாங்கள் நிற்போம்.

மசாலா வாரியமும் தமிழ்நாடு, கேரள சர்க்கார்களும் செய்யவேண்டியவை உண்டு. சிறு விவசாயிகளும் கூட்டுறவுகளும் செலவில்லாமல் தங்கள் காயை விற்கப் பொது விற்பனைத் தளம் அமைக்கட்டும். ‘இயற்கை’, ‘மருந்தில்லாதது’ என்று எழுதுகிறவர்கள் சோதனைச் சான்றைக் காட்டும்படி செய்யட்டும். மலையேறும் பெண்களுக்கு நெரிசலில்லாத பஸ் விடட்டும். யந்திரம் எழுதியதைத் திருத்தும் பிள்ளைகளுக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. ராசிங்காபுரம் கூட்டத்தில் அந்தத் தாய் சொன்னதே எங்கள் கோரிக்கை: “கையால பறிச்சதுன்னு எழுதுறீகள்ல, அந்தக் கைக்கு என்ன கூலி குடுத்தீகன்னும் பக்கத்துலயே எழுதுங்க!”

தோழர்களே! அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்த விளம்பரத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கையின் பெருமையைச் சொல்லித்தான் அவர்கள் விற்கிறார்கள். அந்தக் கைக்கு உரியதைக் கேளுங்கள். ஜீப்பில் ஏறும்போது தனித்தனியாக ஏறினாலும், கேட்கும்போது ஒன்றாக நின்று கேளுங்கள்!