பெட்டி, புத்தகம், பந்து



வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்குச் சொந்தம் என்று மிஞ்சுவது மாலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான். கூலியைப் பற்றியும் குடியிருப்பைப் பற்றியும் ஓயாமல் பேசுகிற நாம், அந்த நேரத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதையும் பேசியாக வேண்டும்.

நமக்கு ஆடி என்றால் திருவனந்தபுரத்தாருக்குக் கர்க்கடகம். அண்டை வீட்டு மலையாளிகள் பலர் அந்த மாதம் முழுவதும் விளக்கேற்றி எழுத்தச்சனின் ராமாயணத்தை வாய்விட்டு வாசிக்கிறார்கள். 2024இல் அதே மாதத்தில்தான் பாரிஸ் ஒலிம்பிக்கும் வந்தது. ஆகஸ்ட் 11, ஞாயிறு மாலை, மகளிர் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அமெரிக்கா 67, பிரான்ஸ் 66. கடைசி நொடியில் பிரான்சின் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. ஆனால் அவர் கால் நுனி கோட்டைத் தொட்டிருந்ததால் மூன்று புள்ளிக்குப் பதில் இரண்டே கிடைத்தது. ஒரு விரல்கடையில் தங்கம் போயிற்று.

பெண்கள் அப்படி ஓடுவதை நம் பெண் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அந்த அளவில் பெட்டிக்கு நன்றி. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறுதோறும் ராமாயணத்தைக் காட்டியதும் இதே பெட்டிதான். ஆனால் பெட்டி காட்டும்; கற்றுத் தராது. ராமாயணத்தைப் பார்த்த பிள்ளைக்கு எழுத்து வந்துவிடாது. பந்தாட்டத்தைப் பார்த்த பிள்ளைக்குக் கால் உரம் பெறாது. வாசித்தால்தான் வாசிப்பு, ஓடினால்தான் ஆட்டம்.

நம் பிள்ளைகள் மலையாளம் படிக்கிறார்கள். மகிழ்ச்சி, வாழும் மண்ணின் மொழி அது. அதற்காகத் தமிழெழுத்தை இழக்க வேண்டுமா? செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு தமிழில் பதிகம் பாடியவர்; குறட்பாக்களை மலையாளத்தில் தந்தவர். மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை இந்நகரில் பேராசிரியராக இருந்தவர். சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரைத் திருவிதாங்கூர் அரசு சிறை வைத்ததும் இந்த ஊரில்தான். அவர் வழியினர் போற்றும் அகிலத்திரட்டு தமிழில் இருக்கிறது. இவற்றைப் பேரப்பிள்ளை படிக்க முடியாமல் போனால் நமக்குச் சொத்து என்று எது மிஞ்சும்? குறளோ, வேதாகமமோ, சீறாப்புராணமோ, அவரவர் வீட்டு நூலை நாளுக்கு அரை மணி நேரம் பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். எழுத்தறியாத தாய்க்கும் அது விருந்து.

பந்துக்கு வருவோம். மனோன்மணீயம் அச்சேறிய அதே 1891இல்தான், அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். சாலைச் சந்தையில் கூடை சுமக்கும் நமக்கு இது எட்டாத ஆட்டமா? சென்னையின் அனிதா பால்துரை 18 ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடினார். தாயான பின்னும் களம் இறங்கினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். வயநாட்டின் ஜீனா இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2017இல் பெங்களூரில் நம் மகளிர் கசகஸ்தானை 75-73 என வென்று ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். ஆயினும் இந்தியப் பெண்கள் அணி ஒலிம்பிக் கூடைப்பந்தில் இதுவரை ஆடியதில்லை. ஆண்கள் ஆடியதும் 1980 மாஸ்கோவில் ஒரே முறை. திறமைக்குப் பஞ்சமில்லை, திறந்திருக்கும் மைதானத்துக்குத்தான் பஞ்சம்.

பன்னிரண்டு வயதானதும் மகளைத் தண்ணீர்க் குடத்தோடு கட்டிப்போடுகிறோமே, அந்தக் கட்டை அவிழ்ப்பது நம் கையில் இருக்கிறது. மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்களைத் தொழிலாளர் குழந்தைகளுக்குத் திறந்துவிடுவது அரசின் கையில் இருக்கிறது. நம் குடியிருப்புக்கு ஒரு கூடை வளையமும், பக்கத்து நூலகத்துக்கு ஓர் அலமாரித் தமிழ் நூல்களும் வேண்டும். இவை சலுகைகள் அல்ல. இந்நகரின் கட்டடங்களுக்குக் கல் சுமந்தவர்களின் உரிமை. வார்டு உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, குடிநீரோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்!