இடிப்பது எளிது!
40 ஆண்டு உழைப்பில் எழுந்த டர்காம் மாதா கோவில்

இங்கிலாந்தின் வடபகுதியில், வியர் ஆறு வளைந்து ஓடும் மேட்டின் மீது டர்காம் மாதா கோவில் நிற்கிறது. 1093-ம் ஆண்டு அஸ்திவாரம் போட்டார்கள். 1133-ம் ஆண்டு நடு மண்டபத்தின் கூரை முடிந்தது. 40 ஆண்டு உழைப்பு!

உள்ளே போனதும் கண்ணில் படுபவை தூண்கள். ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். அவற்றின் மேல் அரைவட்ட வளைவுகள். இது பழைய பாணி. "ரோமனெஸ்க்" என்பது இதன் பெயர்.

தலையை நிமிர்த்திப் பார்த்தால் ஆச்சரியம்! கூரையைக் குறுக்கே தாங்கும் வளைவுகள் கூர்மையாக இருக்கின்றன. இது பின்னால் வந்த "காதிக்" பாணியின் அடையாளம்.

ஒரே கட்டிடத்தில் இரண்டும் வந்தது எப்படி?

கொத்தரின் கணக்கு

அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் சரிபாதி. 20 அடி அகலம் என்றால் 10 அடி உயரம். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

கூரையில் மூலைக்கு மூலை போகும் வளைவு நீளமானது. ஆகவே அது உயரமாக எழும்பும். குறுக்கே போகும் வளைவு குட்டையாக நின்றுவிடும். இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்துக்கு வராது.

டர்காம் கொத்தர்கள் குறுக்கு வளைவைக் கூர்மையாக்கி உயர்த்தினார்கள். மட்டம் சரியாயிற்று!

காதிக் பாணியின் தொடக்கம் என்று போற்றப்படுவது பிரான்சு நாட்டின் செயிண்ட் டெனி கோவில். அங்கே புதிய பகுதி முடிந்தது 1144-ம் ஆண்டில்தான். அதற்கு 11 ஆண்டு முன்பே டர்காமில் கூர்வளைவு கூரையைத் தாங்கி நின்றது.

முதல் முயற்சியிலேயே எல்லாம் வென்றுவிடவில்லை. பீடத்தை அடுத்த பகுதிக்கு முதலில் போட்ட கூரை நாளடைவில் விரிசல் கண்டது. 13-ம் நூற்றாண்டில் அதை மாற்றிக் கட்டினார்கள். அது தேவையான வேலை.

தேவையில்லாத வேலையும் நடந்தது. கோவிலை ஒட்டிய சபை மண்டபத்தின் ஒரு பகுதியை 1796-ல் இடித்தார்கள். காரணம் என்ன? குளிருக்கு அடக்கமான அறை வேண்டுமாம்! இடித்ததைத் திரும்பக் கட்டி முடிக்க 1895 ஆயிற்று.

பழுதைத் திருத்துவது அறிவு. வசதிக்காக இடிப்பது அவசரம். இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

1986-ம் ஆண்டு டர்காம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. பழைய தூணை வெட்டி எறிந்து புதிய வளைவு பிறக்கவில்லை. அந்தத் தூணின் தோள் மீது ஏறித்தான் பிறந்தது. கடப்பாரையைக் கையில் எடுப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்!