ஆட்டத்துக்கு முன்னால் 20 நிமிடம்



பொங்கல் நெருங்கினால் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சுவருக்குச் சுவர் கபடி நோட்டீஸ்தான். மின்னொளி ஆட்டம், எடைப் பிரிவு, முதல் பரிசு, சுழற்கோப்பை. கடலூர் மாவட்டத்துக்குக் கபடி என்றால் உயிர். அதில் நம் எல்லோருக்கும் பெருமைதான். ஆடுகிற பிள்ளைகளிடமும், அவர்களை அனுப்பிவிட்டு வாசலில் காத்திருக்கும் வீடுகளிடமும் இந்த மாதம் ஒரு விஷயம் பேச வேண்டும்.

ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே பைக்கில் மூன்று பேராக வந்து இறங்குகிறார்கள். பகலெல்லாம் செராமிக் ஷெட்டில் மண் மூட்டை தூக்கியவர், சூளைப் பக்கம் வெந்தவர், காலேஜ் பஸ்ஸில் நின்றே வந்தவர். ஜெர்சியை மாட்டி, ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, தொடையில் இரண்டு தட்டு. அவ்வளவுதான், பாடப் போய்விடுகிறார்கள். எடையைக் குறைப்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் தராசில் ஏறி வந்தவரும் அதில் இருப்பார்.

பிறகு ஒருநாள் முட்டி திருகிக்கொள்கிறது. 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்கிறார்கள். முதலில் கட்டு, அப்புறம் ஸ்கேன், அப்புறம் ஆபரேஷன். அதன்பின் மறுபடி களத்தில் இறங்கச் சாதாரணமாக ஒன்பது மாதம் ஆகும். அதுவரை அந்த வீட்டில் தினக்கூலி வராது. சீட்டுப் பணத்தை யார் கட்டுவது? தங்கச்சியின் ஃபீஸுக்கு அம்மா யாரிடம் போய் நிற்பார்?

புரோ கபடி லீக்கில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணி 2022-ல் 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து பவன் செராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்த சீசன் முழுக்க வெளியில்தான் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமையேற்றுத் தங்கம் வென்றார். அவரைத் தூக்கி நிறுத்த டாக்டர், பிசியோ எல்லாரும் இருந்தார்கள். நம்ம ஊர்ப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுக்குத்தான் அடிபடும் முன்னே பார்த்துக்கொள்வது அதிகம் தேவை.

நவீனப் பயிற்சி என்றதும் ஏ.சி. ஜிம், புரோட்டீன் டப்பா, மாதம் இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பயப்படாதீர்கள். கால்பந்துக்காக 2006-ல் ஃபிஃபா உருவாக்கிய வார்ம்-அப் ஒன்று இருக்கிறது. மொத்தம் 20 நிமிடம். எட்டு நிமிடம் மெதுவோட்டம், பத்து நிமிடம் தசை பலம், குதிப்பு, ஒற்றைக்காலில் நிலை நிற்பது, கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். மெஷின் எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான சுமார் 1,900 கால்பந்துப் பெண்களை வைத்துச் சோதித்தார்கள். இந்தப் பயிற்சியைச் செய்த அணிகளில் பெரிய காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஓடி, சட்டென்று நின்று, திரும்புகிற கபடிக் கால்களுக்கும் இதே முட்டிதானே?

அதில் ஒன்றை இன்று மாலையே செய்து பார்க்கலாம். மண்டியிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். பின்னாலிருந்து ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை ஒரே கோடாக வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். பாதி தூரம் போவதற்குள் தொடையின் பின்பக்கம் நடுங்கும். ரெய்டில் சுண்டி இழுத்துக்கொள்வது அதே தசைதான். மூன்று முறை போதும், வாரம் போகப்போகக் கூட்டிக்கொள்ளலாம்.

"அந்தக் காலத்துல நாங்க என்ன வார்ம்-அப்பா பண்ணினோம்? களி தின்னுட்டு ஆடினோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான் ஐயா. ஆனால் அன்று ஏர் பிடித்து, ஏற்றம் இறைத்து, நாலு மைல் நடந்த உடம்பு அது. இன்றைக்குப் பையன் தெருமுனைக் கடைக்கும் பைக்கில்தான் போகிறான். சிலம்பத்திலும் ஆசான் முதல் நாளே கம்பைக் கையில் கொடுத்துவிடுவாரா? காலடி பழகிய பிறகுதானே கம்பு?

உடம்பைப் படிப்படியாகத்தான் சூடேற்ற வேண்டும் என்பதை நம்ம ஊருக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. ஈரம் காயாத பொம்மையை எடுத்துச் சூளையில் வைத்து, ஒரேயடியாகச் சூட்டை ஏற்றினால் வெடித்துப்போகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செராமிக் தொழிலையே பாடமாகப் படிக்கிற ஊர் இது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் கபடியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா தங்கத்தோடு திரும்பியபோது எத்தனை வீடுகளில் மகள்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்! அனுப்பத் தயங்குகிற அப்பா கேட்பது ஒன்றைத்தான்: "அடிபட்டா என்ன பண்றது?" அது நியாயமான கேள்வி. முழங்கால் ஜவ்வுக் காயம் பெண்களுக்குக் கூடுதலாகவே வருகிறது. இந்த 20 நிமிடத்தை முறையாகச் செய்கிற அணி என்று தெரிந்தால், அந்த அப்பாவும் கொஞ்சம் நிம்மதியாக அனுப்புவார்.

பயிற்சி செய்தால் அடியே படாது என்று நான் சொல்ல மாட்டேன். 2022-ல் பண்ருட்டி பக்கம் ஆட்டக் களத்திலேயே ஓர் இளைஞர் சரிந்து உயிர்விட்டதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. அதனால் மார்பை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவர் ஒருவராவது ஒவ்வோர் அணியிலும் இருக்க வேண்டும். அதையும் பயிற்சியில் சேர்த்தே கேட்கிறேன்.

யாரிடம் கற்பது? உங்கள் பள்ளி பி.டி. சாரைக் கேளுங்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக் கொடுங்கள் என்றால் மறுக்கவா போகிறார்கள்?

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் நோட்டீஸில் 'ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்கு அரை மணி முன்பே களத்துக்கு வரவேண்டும்' என்று ஒரு வரி சேருங்கள். எடை பார்த்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஓ.ஆர்.எஸ். கரைத்த ஒரு பாட்டில் தண்ணீர் கொடுங்கள். செய்கிற ஊர்களின் பெயரை எங்களுக்கு எழுதுங்கள், அடுத்தடுத்த இதழ்களில் சந்தோஷமாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்