சிறு நாடகங்களின் சுவை

முத்தமிழுள் நாடகத் தமிழே பெரிதும் இழப்புக்கு உள்ளாயிற்று. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் நாடக நூல்களைக் குறிப்பிடுகின்றார். அவர் காலத்திலேயே அவை முழுமையாகக் கிடைக்கவில்லை. நூற்பாக்கள் சிலவே வழங்கின. இன்று அவற்றின் பெயர்களும் ஒருசில மேற்கோள்களுமே எஞ்சியுள்ளன. செய்யுள், தன்னைப் படிப்பவனை எதிர்நோக்கி ஏட்டிலே நூறாண்டு காத்திருக்கும். நாடகத்திற்கு அவ்வாற்றல் இல்லை. ஆடுவோரும் காண்போரும் ஒருங்கு கூடும்போதுதான் அது உயிர் பெறுகின்றது. ஆதலின், தன் காலத்து நாடகத்தைத் தன் காலத்திலேயே கண்டு போற்றுதல் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடமையாகும்.

இக்காலத்து ஆசிரியர் பலர் சிறு நாடகங்களை இயற்றுகின்றனர். ஓரங்க நாடகம், சில மாந்தரைக் கொண்டு ஒரு சிறு பொழுதில் நடந்து முடிவது. ஒருவர்மொழி நாடகம் அதனினும் சுருங்கியது. மேடையில் ஒருவரே தோன்றித் தம் நெஞ்சைத் திறந்து பேசுவார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) நாளில் நாடகம் இரவெல்லாம் நடைபெறும். பாட்டும் பக்கவாத்தியமும் முழங்கும். அவ்வழக்கில் தோய்ந்தவர்கள் இச்சிறு நாடகங்களைக் கண்டு, “இவற்றில் கதை இல்லை, பாட்டு இல்லை, முடிவும் இல்லை, மொழியோ வீட்டுப் பேச்சு” எனக் குறை கூறுவர். அக்குறைகள் பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

கதையும் முடிவும் இல்லை என்பதை முதற்கண் காண்போம். சங்க அகப்பாடல்கள் யாவை? அவை கூற்றுக்கள் அல்லவா? தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனப் பாடல்தோறும் ஒருவரே பேசுகின்றார். கேட்பவர் விடை கூறுவதில்லை. முன் நிகழ்ந்ததும் பின் நிகழ்வதும் விரித்துரைக்கப்படுவதில்லை. தலைவி தோழியிடம் பேசுவாள். வேலிப்புறத்தே நிற்கும் தலைவன் அதனைக் கேட்பான். இதனைச் ‘சிறைப்புறம்’ என்பர். பேசப்படுபவர் ஒருவர், செய்தி சென்று சேர்வது மற்றொருவரிடம். இதனினும் சிறந்த நாடக அமைதி உண்டோ? சொல்லாமல் விட்ட பொருளை உள்ளுறையாலும் இறைச்சியாலும் உணரப் பழகிய தமிழருக்கு ஒருவர்மொழி நாடகம் அயற்பொருள் ஆகாது.

உருசிய நாட்டு ஆசிரியர் செக்காவ் (1860-1904) எழுதிய ‘புகையிலையின் தீங்கு’ என்பது இவ்வகைக்குத் தக்க சான்று. 1886-ஆம் ஆண்டில் தோன்றிப் பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்ற சிறு நாடகம் அது. மனைவியின் ஆணைப்படி ஒருவர் புகையிலையின் தீமையைப் பற்றிச் சொற்பொழிவாற்ற மேடை ஏறுகின்றார். அவர் பேச்சு மெல்ல மெல்லத் தடம் மாறுகின்றது. நகைப்பிற்கிடமான அம்மனிதரின் வாயிலிருந்து, மனைவிக்கு அஞ்சி அஞ்சி வீணாய்க் கழிந்த ஆண்டுகளின் துயரம் வெளிப்படுகின்றது. எங்கேனும் ஓடிப்போய், வெட்டவெளியில் மரம்போல் நிற்கவேண்டும் என ஏங்குகின்றார். பழைய மேற்சட்டையைக் கழற்றி எறிந்து மிதிக்கின்றார். அந்நேரம் மனைவி மேடைப்புறத்தே வந்து நிற்பதை அறிந்தவுடன் சட்டையை எடுத்து அணிந்துகொண்டு, மீண்டும் புகையிலையைப் பற்றிப் பேசுகின்றார். அம்மனைவி ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆயினும், அவையோர் அவளை நன்கு அறிந்துகொள்கின்றனர். நகைச்சுவையும் அவலமும் ஒரு பேச்சிலேயே ஒன்றி நிற்கும் நயம் இது. நாடகம் முடிந்த பின்னும் அவர் வாழ்வு மாறவில்லை. மாறாமையே அதன் முடிவு.

யாழ்ப்பாணத்து நாடக ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம், பள்ளி மாணவர்க்கும் பெரியோர்க்கும் நாடகம் பல எழுதியவர். அவர் இயற்றிய ‘எந்தையும் தாயும்’ மாந்தர் பலர் பேசும் நாடகமே ஆயினும், கூற்றின் சுவை அதிலும் உண்டு. பிள்ளைகள் கடல் கடந்து சென்றபின் ஊரில் தனித்திருக்கும் முதியோரின் நிலையை அது காட்டுகின்றது. தலைவனுடன் மகள் சென்றபின், அவள் விட்டுச்சென்ற பந்தையும் பாவையையும் கண்டு நற்றாய் வருந்தும் சங்கப் பாடல்களைக் கற்ற மாணவர்க்கு, இம்முதியோரின் துயரம் எளிதில் விளங்கும். காலம் மாறிற்று, பிரிவின் காரணம் மாறிற்று, பெற்ற நெஞ்சின் வெறுமை மாறவில்லை.

வீட்டுப் பேச்சு மேடைக்கு ஆகாது என்பதும் பொருந்தாது. தொல்காப்பியர் நாடக வழக்கோடு உலகியல் வழக்கையும் உடன்வைத்து எண்ணினார். யாழ்ப்பாணத்து முதியவர் யாழ்ப்பாணத்துச் சொல்லால் பேசினால்தான் அவர் துயரம் மெய்யாகும். செந்தமிழ் நடை கட்டுரைக்கு அணி. மாந்தர்க்கு ஏற்ற மொழியே நாடகத்திற்கு அணி.

புதுமை என்று அஞ்சுவோர் பழைய வரலாற்றையும் நோக்குதல் நன்று. பெருமையுடன் இன்று கற்கப்பெறும் மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தபோது புதிய நூலே. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியதே. அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், உரைநடை உரையாடலை மேடையில் நிலைபெறச் செய்தார். அதுவும் அந்நாளில் புதுமையே. 1977-இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்த ந. முத்துசாமி (1936-2018), தெருக்கூத்தை ஊன்றிக் கற்று, அதன் ஆற்றலைப் புதிய நாடகத்திற்குப் பயன்படுத்தினார். வேர் பழையதாய் இருக்கத் தளிர் புதியதாய்த் தோன்றுதல் இயற்கையன்றோ?

எனினும், புதியன யாவும் போற்றத்தக்கன ஆகா. மாந்தர் பேசுவதை விடுத்து ஆசிரியரே அவர் வாயிலாக அறிவுரை கூறத் தொடங்கினால் நாடகம் சொற்பொழிவாகிவிடும். விளங்காமையையே ஆழமெனக் காட்டுவதும் குற்றமே. ஆகவே, ஒரு சிறு நாடகத்தைக் காணும்போது சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். பேசுபவர் யார்? யாரிடம் பேசுகின்றார்? அதனை இன்று பேசக் காரணம் யாது? அவர் சொல்லாது மறைப்பது எது? இவற்றுக்கு நாடகத்தினுள்ளேயே விடை கிடைக்குமாயின் அது நல்ல நாடகம். கிடையாவிடின், எத்துணைப் புகழ்பெற்றோர் எழுதினும் குறையுடையதே.

மாணவர்களே! சிறு நாடகம் நடிக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒரு நாற்காலியும், ஊன்றிக் கேட்கும் சிலரும் போதும். பள்ளி விழாவில் வழக்கமான நாடகங்களோடு நம் காலத்து ஆசிரியர் எழுதிய ஒன்றையும் நடித்துப் பாருங்கள். ஊரில் நாடகம் நடைபெறும்போது சென்று, முடியும்வரை இருந்து பாருங்கள். கண்டபின் நண்பரோடு நிறைகுறைகளைப் பேசுங்கள். முறுவலும் சயந்தமும் மறைந்ததுபோல் இன்றைய நாடகங்களும் மறையாமல் காக்கும் வழி இதுவே.