வண்டியின் விலையும் எண்ணெயின் விலையும்

மோட்டார் வண்டி வாங்கக் கருதுவோர் முதற்கண் வினவுவது அதன் விலையையே. வாங்கியபின் சிக்கனம் பிடிக்கப் புகுமிடமோ பெரும்பாலும் இஞ்சின் எண்ணெய். இவ்விரண்டும் பிழையென்பது என் துணிபு. தமிழ் இலக்கணம் பயிலும் மாணவனுக்கு மோட்டார் விஷயத்தில் துணிபு ஏது என அன்பர்கள் நகைக்கலாம். சென்ற கோடை விடுமுறை முழுவதும் எங்கள் இல்லத்தில் இதுவே பேச்சாயிருந்தது; ஆதலின் கேட்டும் கணக்கிட்டும் அறிந்ததையே எழுதுகின்றேன்.

என் தந்தையார் அடுத்த ஆண்டு உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெறுகிறார். கைக்கு வரும் சேமநிதியில் 6 லட்சம் ரூபாய் எடுத்துச் சிறிய கார் ஒன்று வாங்குவது அவர் விருப்பம். முழங்கால் நோவால் என் தாயாருக்குப் பஸ் படியேற இயலாமையே காரணம். ஆகவே இஃது ஆடம்பரமன்று. எளிதில் மறுத்துரைக்கத் தக்கதுமன்று.

ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்தோம். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டமும், லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயும் எனக் கொண்டால் ஆண்டிற்கு 40,000 ரூபாய் ஆகின்றது. இதனைத் தந்தையார் முன்னமே அறிவார். பிறர்க்கு நேரும் தீங்கிற்கான இன்ஷூரன்ஸ் இன்றிப் பொதுவழியில் வண்டி ஓட்டலாகாதென 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதித்திருப்பதும் அவர் அறிந்ததே. டயர், பேட்டரி, பழுதுபார்ப்பு யாவும் எழுதினார். எழுதாது விட்டது ஒன்று, அதுவே தேய்மானம். இன்ஷூரன்ஸ் கம்பெனியார் வண்டியின் மதிப்பைக் கணிக்கும் அட்டவணைப்படி, ஓராண்டு நிரம்புமுன்னரே நூற்றுக்கு 15 கழிகின்றது. ஐந்தாம் ஆண்டின் முடிவிலோ நூற்றுக்கு 50. சந்தையில் இது சற்றுக் கூடலாம், குறையலாம். எனினும் 6 லட்சம் 3 லட்சமாயின் ஆண்டிற்கு 60,000 ரூபாய், மாதத்திற்கு 5,000 ரூபாய் நட்டம். பெட்ரோற் செலவினும் இது மிகுதியன்றோ? பெட்ரோலுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கையிற் கை கூசுகின்றது. இதுவோ ரசீதுமின்றி ஓசையுமின்றி, வண்டி கொட்டகையில் உறங்கும்போதும் இல்லத்தை விட்டு நீங்கிக்கொண்டேயிருக்கின்றது.

இனி எண்ணெயைக் காண்போம். சிறிய காருக்கு ஏறக்குறைய 3 லிட்டர் போதும். பல வண்டிகளில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டிற்கொருமுறை, இரண்டில் எது முந்துமோ அப்போது மாற்றவேண்டும். நல்ல எண்ணெயும் வடிகட்டியும் சேர்த்து 2,500 ரூபாய் எனினும் மாதம் இருநூற்றுச் சொச்சமே. இவ்விருநூற்றில் மிச்சம் பிடிக்கப்போய் என் மாமா இஞ்சினையே இழந்தார். அவர் பல்லாண்டு அம்பாஸடர் ஓட்டியவர். 2014இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டிக்குக் கெட்டி எண்ணெய் பொருந்தியது. அப்பழக்கத்தாற் பின்னர் வாங்கிய புதுவகைக் காருக்கும் கெட்டி எண்ணெயே கவசமென்று நம்பி, மலிவாய்க் கிடைத்ததை ஊற்றி, இரண்டாண்டு மாற்றாதும் விட்டுவிட்டார். எண்ணெய் களியாகித் துவாரங்களை அடைத்தது. பட்டறையில் இஞ்சினைப் பிரித்துக் கோக்க 55,000 ரூபாய் ஆயிற்று.

எண்ணெய்ப் புட்டியின்மேல் 5டபிள்யூ–30 என எழுதியிருப்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னெண் சிறிதாகச் சிறிதாகக் குளிர்ந்த நிலையிலும் எண்ணெய் எளிதிற் பாயும். பின்னெண் 100 பாகை வெப்பத்தில் அது கொண்டிருக்கும் கெட்டித்தன்மையைக் காட்டும். நம் நாட்டிற் குளிர் ஏது எனின், இரவெல்லாம் ஓய்ந்துகிடந்த இஞ்சின், ஓடிச் சூடேறிய இஞ்சினை நோக்கச் சித்திரை மாதத்தும் குளிர்ந்ததே. எழுப்பிய முதற்சில நொடிகளில் எண்ணெய் மேலேறாவிடின் உலோகத்தோடு உலோகம் உராயும். புது இஞ்சின்களில் இடைவெளியும் எண்ணெய் வழிகளும் மிக நுண்ணியவை. எனவே மெக்கானிக் சொல்லும் எண்ணையும் விளம்பரம் புகழும் எண்ணையும் விடுத்து, வண்டியுடன் தரும் கைப்புத்தகம் கூறும் எண்ணையே கொள்ளல் வேண்டும். அதனினும் விலையுயர்ந்ததை ஊற்றுவதும் வீணே. எண்ணெய் கறுத்தவுடன் அஞ்சுவாரும் உளர். அழுக்கைத் தன்பாற் பற்றிக்கொள்ளுதல் அதன் தொழிலாதலின் கறுக்கத்தான் செய்யும்.

இவ்வளவும் கணக்கிட்டபின், வேண்டும் நாளில் வாடகைக் கார் அமர்த்துவதே மலிவென்று நான் வாதித்தேன். தாயார் அமைதியாகச் சொன்னார்: “கணக்கு சரிதானப்பா. வாடகை வண்டி வெளியே காத்திருக்கிறதே என்ற பதற்றத்தில் டாக்டரிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் மறந்து வந்துவிடுகிறேன்.” இதற்கு என் நோட்டில் விடையில்லை. ஆதலின் என் கருத்தைச் சிறிது மாற்றிக்கொண்டேன்: வாங்கலாம், ஆனாற் புதிது வேண்டாம். முதற்பாதித் தேய்மானத்தைப் பிறர் ஏற்றுவிட்ட, முறையாக எண்ணெய் மாற்றப்பட்ட ஐந்தாண்டு வண்டியே நமக்கு ஏற்றது. எஞ்சும் சேமநிதி வங்கியில் இருக்கட்டும்.

சென்ற மாதம் அத்தகைய வண்டியொன்றைப் பார்க்கச் சென்றோம். வெள்ளை நிறம், மெருகும் நன்றாயிருந்தது. தந்தையார் விலையைக் கேட்குமுன் கைப்புத்தகத்தையும் எண்ணெய் மாற்றிய ரசீதுகளையும் கேட்டார். உடையவர் முன்பெட்டியைத் திறந்து நெடுநேரம் துழாவினார். நாங்கள் நன்றி கூறிப் பஸ்ஸிலேயே திரும்பினோம்.