பூனைக்கும் ஒரு வேலை வேண்டும்!

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் சுற்றுவட்டாரம் சாமைக்குப் பெயர் போனது. தானியம் இருக்கும் வீட்டுக்கு எலி வரும். எலி வரும் வீட்டில் பூனைக்கு வேலை இருக்கும். காதை நிமிர்த்திக் காத்திருப்பது, பதுங்குவது, பாய்வது, பிடிப்பது என்று பொழுது போய்விடும். விளையாட்டுச் சாமான் எதற்கு?

அந்த மலைப்பக்கத்துக் குட்டி ஒன்று போளூரிலோ வேலூரிலோ மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தால் கதை மாறுகிறது. வேளாவேளைக்குச் சோறு உண்டு, எலி இல்லை, கதவும் மூடியே இருக்கிறது. வேட்டைப் புத்தி மட்டும் போவதில்லை. விடியற்காலையில் போர்வைக்கு வெளியே நீட்டிய கால்விரலைக் கடிக்கிறது, சோபாவைப் பிறாண்டுகிறது. வீட்டார் அதைச் சேட்டை என்கிறார்கள். உண்மையில் அது வேலையில்லாத் திண்டாட்டம்!

இதற்குக் கடைக்கு ஓட வேண்டாம். ஜோடி தொலைந்த ஒரு சாக்ஸ் போதும். அதற்குள் பழைய துணியைத் திணித்து, வாயை நன்றாகத் தைத்துவிட்டால் பூனை கட்டிப்பிடித்து உதைக்க ஓர் 'எலி' தயார். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் நாலைந்து புளியங்கொட்டையைப் போட்டு மூடியை இறுக்கினால் உருளும்போது கடகடக்கும். தேங்காய் நார்க் கயிற்றை ஒரு பலகையில் நெருக்கமாகச் சுற்றி, பூனை எழும்பி உடம்பை நீட்டிப் பிறாண்டும் உயரத்துக்குச் சுவரோரம் ஆடாமல் நிறுத்தினால் சோபா தப்பிக்கும்.

அட்டைப்பெட்டியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்குப் பெட்டி கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை சீக்கிரம் பயம் தெளிந்தன. மளிகை வந்த பெட்டியில் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தால் போதும்.

வெளிநாட்டில் பூனைகளை மயக்க 'கேட்னிப்' என்ற செடியை விற்கிறார்கள். நம்மூர்க் குப்பைமேனியே அந்த வேலையைச் செய்யும். அதற்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு. பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பூனை உருண்டு புரளும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2016-இல் அந்த வேரை ஆராய்ந்து, கேட்னிப்பில் உள்ள பொருளுக்கு உறவான வேதிப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். நம் முன்னோர் பெயரிலேயே சொல்லிவிட்டுப் போன சமாசாரம்! களைக்கொல்லி படாத இடத்துச் செடியின் வேரைக் கழுவி, கெட்டித் துணியில் முடிந்து, முகர மட்டும் கொடுக்கலாம். தின்னக் கூடாது. எல்லாப் பூனையும் மயங்குவதில்லை, அதனால் ஏமாற வேண்டாம்.

இனி, கட்டாயம் கவனிக்க வேண்டியது: நூல். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பவை. வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கத்தான் செய்யும். நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொண்டால் மறுமுனை குடலுக்குள் இழுபட, குடல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி அறுபடக்கூடும். உயிருக்கே ஆபத்து. தையல் நூல், பூக்கட்டும் நூல், ரப்பர் பேண்ட், ஜரிகை எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல், வெட்டாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அப்படியானால் கயிறு கட்டிய குச்சி கூடாதா? ஆட்டலாம், ஆள் கூடவே இருந்தால். எலி ஓடுவதுபோல் தரையோடு இழுத்து, நாற்காலிக்குப் பின்னால் மறைத்து, கடைசியில் பிடிக்க விட வேண்டும். பிடிக்கவே முடியாத லேசர் ஒளி சில பூனைகளுக்கு எரிச்சலைத்தான் தரும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் இப்படி ஓடவிட்டுச் சோறு வைத்தால், தின்று, உடம்பை நக்கி, சுருண்டு படுத்துவிடும். கால்விரலும் பிழைக்கும். பிறகு குச்சியை அலமாரியில் வைத்துத் தாழ்ப்பாள் போட வேண்டும். சும்மா சாத்திய கதவைத் திறக்கப் பூனைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.